பிரதிவாதி என்றால் குற்றவாளி அல்ல: பாகப்பிரிவினை வழக்கில் சம்மன் வந்தவருக்கு

கேள்வி: என் அப்பா 2019-ல் உயில் எழுதாமல் காலமானார். அம்மா, அண்ணன், நான், தம்பி என நான்கு பேர் இருக்கிறோம். தாத்தா வழியில் வந்த 2 ஏக்கர் நிலமும், அப்பா 1994-ல் கிரயம் வாங்கிய வீடும் உண்டு. இதுவரை பாகம் பிரிக்கவில்லை. இப்போது தம்பி வழக்குப் போட்டு எல்லாச் சொத்திலும் 1/4 பங்கு கேட்டிருக்கிறான். அண்ணன் 1-ம் பிரதிவாதி, அம்மா 2-ம் பிரதிவாதி, நான் 3-ம் பிரதிவாதி. தம்பியோடு எனக்குச் சண்டையே இல்லை, என்னை ஏன் பிரதிவாதி ஆக்கினான்? அம்மா என்னோடுதான் இருக்கிறார். நீதிமன்ற அமீனா வந்தபோது நாங்கள் சம்மனை வாங்க மறுத்துவிட்டோம். கதவில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். "நீ கோர்ட்டுக்கு வர வேண்டாம், வக்காலத்தில் கையெழுத்து மட்டும் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் அண்ணன். பிராது, இடைமனு, எதிருரை என்று அவர் காட்டிய தாள்களில் இருப்பது எதுவும் புரியவில்லை. போலீஸ் வருமா?
– திண்டுக்கல் மாவட்ட வாசகி

பதில்: போலீஸ் வராது. இது உரிமையியல் வழக்கு, அதாவது சிவில் வழக்கு. குற்ற வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றங்கள் 'எதிரி' என்று எழுதும். உங்கள் தாளில் இருப்பது 'பிரதிவாதி'. வழக்குப் போட்டவர் வாதி, அவர் யாரையெல்லாம் சேர்த்தாரோ அவர்கள் பிரதிவாதிகள், அவ்வளவுதான். பாகப்பிரிவினை வழக்கில் பங்குள்ள எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும். ஒருவரை விட்டாலும் 'தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை' என்ற காரணத்தால் வழக்கு அடிபடும். உங்களைச் சேர்க்காமல் வழக்குப் போட்டிருந்தால்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். இந்த வகை வழக்கில் வாதிக்கும் பிரதிவாதிக்கும் நிலை ஒன்றே. பிரதிவாதியாக இருந்துகொண்டே, உரிய நீதிமன்றக் கட்டணத்தைச் செலுத்தி, 'என் பங்கையும் பிரித்துக் கொடுங்கள்' என்று நீங்கள் கேட்கலாம். தனி வழக்கு வேண்டியதில்லை.

சம்மனை வாங்க மறுத்தது தவறு. வாங்காவிட்டால் வழக்கு நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். மறுத்தால் அமீனா கதவில் ஒட்டி, யார் முன்னிலையில் ஒட்டினார் என்று எழுதி நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்புவார். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் சம்மன் 'சார்வானது', அதாவது முறைப்படி உங்களுக்குச் சேர்ந்தது என்று பதிவாகும். பதிவுத் தபாலை 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் எழுதி அனுப்பினாலும் இதே கதிதான். ஒட்டிய தாளைக் கிழித்துப் போடாமல் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தின் பெயர், அசல் வழக்கு எண், ஆண்டு, ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் அதில் இருக்கும். பிராதின், அதாவது தம்பி தாக்கல் செய்த வழக்கு மனுவின் நகலும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் முதல் தேதியிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஆஜராக வேண்டிய நாளில் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ போகாவிட்டால், நீதிமன்றம் உங்களை 'எக்ஸ்பார்ட்டி' ஆக்கும். அதாவது நீங்கள் இல்லாமலே விசாரணை நடக்கும். தீர்ப்பு வருவதற்கு முன் என்றால், தக்க காரணம் சொல்லி உள்ளே வந்துவிடலாம். தீர்ப்பாணையே, அதாவது தீர்ப்பின் முடிவைச் சொல்லும் உத்தரவே ஆகிவிட்டால், அதை நீக்கக் கோரும் மனுவை 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் மட்டுமே, தீர்ப்பாணை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் கணக்காகும். கதவில் ஒட்டியதைப் பார்த்துவிட்டு நீங்கள் அந்தக் காரணத்தைச் சொல்ல முடியாது. 30 நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனு போட்டு, தாமதத்துக்குக் காரணம் காட்ட வேண்டும்.

இனி வக்காலத்து. உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இதுதான். வக்காலத்து நாமா என்பது, 'எனக்காக இவர் வாதாடலாம், மனு போடலாம், சமரசம் பேசலாம்' என்று ஒரு வழக்கறிஞருக்கு நீங்கள் தரும் அதிகாரம். அண்ணன் கேட்பது அவருடைய வழக்கறிஞருக்கே நீங்களும் அதிகாரம் தர வேண்டும் என்று. அப்படிக் கொடுத்தால், 1 முதல் 3 வரையிலான பிரதிவாதிகளுக்காக ஒரே எதிருரை, அதாவது எழுத்து மூலமான பதில், தாக்கலாகலாம். அதில் 'தங்கைக்குக் கல்யாணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்துவிட்டோம், அவள் தன் பங்கை அப்போதே வாய்மொழியாக விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்று ஒரு பத்தி இருந்தால், அது உங்கள் வாயால் நீங்களே சொன்னதாகிவிடும். அசையாச் சொத்தில் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும், வெறும் வாய்ச்சொல் போதாது. சீர் வாங்கியதால் வாரிசுரிமை போய்விடாது. ஆனால் நீங்களே ஒப்புக்கொண்டதாக ஏட்டில் ஏறியபின் அதிலிருந்து விடுபடுவது பெரும் பாடு. அண்ணன் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நலனும் உங்களுடைய நலனும் ஒன்றல்ல என்பதால் வழக்கறிஞரும் ஒருவராக இருக்கக் கூடாது என்கிறேன்.

வெற்றுத் தாளிலும் நிரப்பாத வக்காலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், அந்த வழக்கறிஞரிடம் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதி வாங்கி, வேறு வழக்கறிஞர் மூலம் புது வக்காலத்துத் தாக்கல் செய்யலாம். அவர் எழுதித் தர மறுத்தால் நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி பெறலாம்.

பிராது என்பது வாதியின் கோரிக்கை மனு. எதிருரை என்பது அதற்கு நீங்கள் எழுத்தில் தரும் பதில். சம்மன் சார்வான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கலாக வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் 90 நாள் வரை தரலாம். அதற்குப் பிறகும் விதிவிலக்காக ஏற்றுக்கொள்வது உண்டு, ஆனால் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பிராதில் சொன்ன ஒரு விஷயத்தை நீங்கள் குறிப்பாக மறுக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஆகவே பத்தி பத்தியாகப் பதில் சொல்ல வேண்டும்.

எழுதுவதற்கு முன் பிராதின் கடைசியில் உள்ள 'சொத்து விவரம்' பகுதியை நிதானமாகப் படியுங்கள். சர்வே எண், விஸ்தீரணம், நான்கெல்லை எல்லாம் உங்கள் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? குடும்பச் சொத்து ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? பகுதிச் சொத்துக்கு மட்டும் பாகம் கேட்பதை ஆட்சேபிக்க உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்து, 'சொத்துகள் கூட்டு அனுபவத்தில் உள்ளன' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதினால் நீதிமன்றக் கட்டணம் குறிப்பிட்ட சிறு தொகையோடு முடியும். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் பாகம் கேட்டால் தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கட்ட வேண்டும். உங்களுக்கு அந்த வரி பாதகமில்லை, நீங்களும் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகச் சொல்வதே நல்லது.

தம்பி கேட்கும் 1/4 சரியா? உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வீட்டுக்குச் சரி. அப்பா தன் பணத்தில் வாங்கிய சொத்து, உயில் இல்லை. மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/4. நிலத்துக்கு ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அது தாத்தாவுக்கு எப்படி வந்தது? தாத்தா தானே வாங்கி, 17-6-1956-க்குப் பிறகு உயிலில்லாமல் இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்தது அவருடைய தனிச்சொத்து. 'தாத்தா வழியில் வந்தது, அதனால் பூர்வீகம்' என்று ஊரில் சொல்வது இங்கே பொருந்தாது. அப்போது நிலத்திலும் ஆளுக்கு 1/4, அதாவது 200 சென்ட்டில் 50 சென்ட்.

கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்தே இறங்கி வந்த கூட்டுக்குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. அப்பாவும் மூன்று பிள்ளைகளும் முதலில் ஆளுக்கு 1/4 எடுப்பதாகக் கொள்ள வேண்டும். பிறகு அப்பாவின் 1/4 அம்மாவுக்கும் உங்கள் மூவருக்கும் சமமாகப் பிரிந்து ஆளுக்கு 1/16 ஆகும். முடிவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 5/16, அம்மாவுக்கு 1/16. சென்ட் கணக்கில் உங்களுக்கு 62.5, அம்மாவுக்கு 12.5. மகள் என்பதால் உங்கள் பங்கு குறையாது. 2005 திருத்தம் மகளைப் பிறப்பாலேயே பங்காளி ஆக்கியது, 2020-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே மூலப் பத்திரங்களைத் தேடி எடுங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று, இறப்புச் சான்று எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். பட்டா அண்ணன் பெயரில் மாறியிருந்தாலும் பயப்பட வேண்டாம், பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது. வாரிசுச் சான்று யார் வாரிசு என்று சொல்லும், எவ்வளவு பங்கு என்று சொல்லாது.

இடைமனு என்பது வழக்கு முடியும்வரை ஓர் ஏற்பாடு கேட்டு நடுவில் போடும் மனு. பாகப்பிரிவினை வழக்கில் அது பெரும்பாலும் 'யாரும் சொத்தை விற்கவோ வில்லங்கப்படுத்தவோ கூடாது' என்று கேட்கும் தடையாணை மனுவாக இருக்கும். மறுதரப்பைக் கேட்காமலே அவசரத் தடை கொடுத்திருந்தால், மனுவை 30 நாளில் விசாரித்து முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்பது விதி. நீங்கள் எதிர் மனு போட வேண்டுமா? விற்பனையை நிறுத்தி வைப்பது உங்கள் பங்கையும் காக்கும். எனவே 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிக் கொடுத்தாலே போதும். அண்ணனின் வழக்கறிஞர் உங்களுக்காகவும் சேர்த்து இதை எதிர்த்துவிட்டால், அது உங்கள் நலனுக்கே எதிராகும். தடையாணை இல்லாவிட்டாலும், வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர்.

எதிருரைக்குப் பிறகு எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள், வரையப்படும். பிறகு பிரமாணப் பத்திரத்தில் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் வரும். தேதி தள்ளிப்போவதைத்தான் வாய்தா என்பார்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் போக வேண்டியதில்லை, வழக்கறிஞர் போதும். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த தேதியும் அன்று நடந்ததும் தெரியும். யார் சொல்வதையும் நம்பியிருக்க வேண்டாம்.

தீர்ப்பு என்பது காரணங்களோடு நீதிபதி எழுதுவது. தீர்ப்பாணை என்பது அதன் முடிவை மட்டும் சொல்லும் உத்தரவு. பாகப்பிரிவினையில் இது இரண்டு முறை வரும். முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். அதை வைத்துக்கொண்டு யாரும் வேலி போட முடியாது. பிறகு இறுதிநிலைத் தீர்ப்பாணைக்கு மனுப் போட, நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து அளந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று வரைபடத்தோடு அறிக்கை தருவார். பாதை, கிணறு, ரோட்டு முகப்பு ஆகியவற்றில்தான் ஏமாறுவது நடக்கும். அளக்கும் நாளில் கட்டாயம் நேரில் இருங்கள். அறிக்கையில் குறை இருந்தால் எழுத்தில் ஆட்சேபனை போடுங்கள். இறுதிநிலைத் தீர்ப்பாணையை முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும். அதன் பிறகும் சொத்தை உங்கள் சுவாதீனத்தில் ஒப்படைக்காவிட்டால், தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும்.

நால்வரும் பேசித் தீர்க்க முடிந்தால் அதுவே நல்லது. ஆனால் 'சமரச மனு' என்று ஒரு தாள் வந்தால், ஒவ்வொரு சர்வே எண்ணையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசத்தின்படி வந்த தீர்ப்பாணைக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது, அதை எதிர்த்துத் தனி வழக்கும் போட முடியாது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தாலும் அப்படியே.

தனி வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசமாக வழக்கறிஞரை நியமிப்பார்கள், அம்மாவும் தனியாக விண்ணப்பிக்கலாம். சம்மன், பிராது நகல், ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஆஜராகும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே போங்கள். தேதி நெருங்கிவிட்டால் 15100 என்ற எண்ணுக்கு முதலில் பேசுங்கள். அன்றைக்குள் வழக்கறிஞர் கிடைக்காவிட்டாலும் நீங்களே நேரில் போய், பெயரைக் கூப்பிடும்போது 'ஆஜர்' என்று சொல்லி, வழக்கறிஞர் வைக்க வாய்தா கேளுங்கள்.