40 ஆயிரம் படங்களுக்குப் பெயர் மாற்றுவது எப்படி?

கேள்வி: 2004 முதல் எடுத்த படங்கள், ஏறக்குறைய 40 ஆயிரம், ஒரே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் கிடக்கின்றன. மூன்று கேமரா, நாலைந்து போன். 'ஐஎம்ஜி 0231' என்ற பெயரிலேயே ஆறு வெவ்வேறு படங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பெயர் வைக்க எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். அதுவரை ஒரு பெயரையும் தொட வேண்டாம்.

ஒரே பெயரில் ஆறு படங்கள் வந்ததில் அதிசயம் இல்லை. கேமரா தரும் எண்ணுக்கு நாலே இலக்கம்தான். 9999 முடிந்தால் மறுபடி 0001. அதனால் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டி, கேட்கிறதே என்று 'ரீப்ளேஸ்' கொடுத்தால் ஐந்து படம் போய்விடும்.

நான் சொல்லும் பெயர், படம் எடுத்த நேரம்: 2014-01-15_07-42-10. ஆண்டு முன்னால் வருவதால் தானாகவே கால வரிசையில் நிற்கும். மணிக்கு முக்காற்புள்ளி (:) போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது. இந்த நேரத்தைக் கையால் அடிக்க வேண்டியதில்லை, படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் இருக்கிறது. எக்ஸிஃப்டூல், டிஜிகாம் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். அந்தக் குறிப்பைப் படித்து மொத்தமாகப் பெயர் மாற்றும். எக்ஸிஃப்டூலில் கட்டளை அடிக்க வேண்டும், அதற்குத் தயக்கம் என்றால் டிஜிகாம் போதும். விண்டோஸ் காட்டும் 'உருவான தேதி'யை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது இந்த டிஸ்க்குக்குக் காப்பி ஆன நாள்.

சரி, உள்ளே இருக்கும் தேதியே பொய்யாக இருந்தால்? உண்மையான வேலை இங்கேதான். பேட்டரி தீர்ந்த பழைய கேமராவில் கடிகாரம் ஆரம்பத் தேதிக்கே போயிருக்கும். 2012-இல் நடந்த கல்யாணம் 2008 ஜனவரி 1 என்று காட்டும். தாலி கட்டும் படம் ஒன்றை எடுத்து, பத்திரிகையில் உள்ள முகூர்த்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். எவ்வளவு வித்தியாசமோ அதை அந்தத் தொகுதி முழுவதற்கும் கூட்டச் சொன்னால், படங்களுக்கு இடையிலான இடைவெளி குலையாமல் எல்லாம் சரியாகும். எக்ஸிஃப்டூல், டிஜிகாம் இரண்டிலும் இதற்கு வசதி உண்டு. இதை முடித்த பிறகே பெயர் மாற்றம்.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் எக்ஸிஃப் தேதி பொதுவாக இருக்காது. 'ஐஎம்ஜி-20190114-டபிள்யூஏ0007' போன்ற பெயரில் இருப்பது படம் உங்கள் போனுக்கு வந்த நாள், எடுத்த நாள் அல்ல. இவற்றைத் தனி ஃபோல்டரில் ஒதுக்குங்கள். (பாதி 'குட்மார்னிங்' படமாக இருக்கும், அழித்தால் யாரும் கேட்கப்போவதில்லை.) ஸ்கேன் செய்த ஆல்பங்களில் பெரும்பாலும் ஸ்கேன் செய்த நாள்தான் இருக்கும். அவற்றுக்கு மட்டும் கையால் பெயர் வையுங்கள். ஆண்டு மட்டும் தெரிந்தால் 1987-00-00 என்று போடலாம். அந்த ஆண்டின் படங்களில் முதலாவதாகப் போய் நிற்கும்.

அப்புறம் ஃபோல்டர். ஆண்டுக்கு ஒன்று, அதற்குள் நிகழ்ச்சிக்கு ஒன்று: '2014-01-15 மாட்டுப் பொங்கல் தஞ்சாவூர்'. தமிழ்ப் பெயர் இங்கே இருக்கட்டும், கோப்புக்கு எண் மட்டும் போதும். பழைய ஜிப் மென்பொருள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறிவிடும். 'அம்மா', 'பாட்டி வீடு' என்றெல்லாம் கோப்புப் பெயரில் திணிக்காமல் டிஜிகாமில் டேக் (படத்தோடு சேர்க்கும் குறிச்சொல்) போடுங்கள். ஒரே படத்தில் அம்மாவும் பாட்டியும் இருந்தால் இரண்டு டேக் போடலாம், பெயர் ஒன்றுதான் வைக்க முடியும்.

முதலில் நூறு படத்தில் செய்து பாருங்கள். பர்ஸ்ட்டில், அதாவது பட்டனை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக, எடுத்தவை ஒரே நொடியில் பல இருக்கும். கடைசியில் வரிசை எண் சேர்க்கும் அமைப்பைக் கட்டாயம் இயக்குங்கள். ஐபோன் லைவ் போட்டோவில் படமும் குறு வீடியோவும் ஒரே பெயரில் ஜோடியாக இருக்கும். பெயர் மாறிய பிறகும் ஜோடி பிரியாமல் இருக்கிறதா என்று அந்த நூறிலேயே பார்த்துவிடுங்கள். லைட்ரூம் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஏற்கெனவே சேர்த்த படங்கள் இருந்தால், அவற்றின் பெயரை லைட்ரூமுக்குள்ளேயே மாற்றுங்கள். வெளியே மாற்றினால் அதற்குப் படம் எங்கே என்று தெரியாது, ஒவ்வொன்றாகத் தேடிக் காட்ட வேண்டிவரும்.