முதல் 16 எம்பி நினைவகத்தை லினக்ஸ் ஏன் இன்னும் தனியாகப் பார்க்கிறது?

64 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதல் 16 எம்பியைத் தனி மண்டலமாக வைத்திருப்பது ஏன், அதை நீக்கிவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கணினியில் செருகும் பழைய அளவீட்டு அட்டை ஒன்றின் டிரைவரை (அதை இயக்கும் மென்பொருளை) சில ஆண்டுகள் பராமரித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி கணினியின் 80286 செயலிக்கு 24 முகவரிக் கம்பிகள் இருந்தன. 24 பிட்டுகளால் எட்டக்கூடிய எல்லைதான் 16 எம்பி. அதன் ஐஎஸ்ஏ என்ற இணைப்பில் செருகும் அட்டைகளுக்காகத் தரவை நகர்த்திய 8237 டிஎம்ஏ சிப்போ (டிஎம்ஏ என்பது செயலியின் வழியே போகாமல் சாதனத்துக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நேரடியாக நகர்த்தும் முறை) 16 பிட் முகவரியை மட்டுமே அறியும். மீதி 8 பிட்டுகளை ஒரு தனிப் பதிவேடு தரும். தரவு நகரும்போது அந்தப் பதிவேடு மாறாது என்பதால், 8 பிட் தடங்களில் ஒரு பரிமாற்றம் 64 கேபி எல்லையைத் தாண்டக் கூடாது. செயலிகள் எவ்வளவோ வளர்ந்த பிறகும் அந்த அட்டைகளின் கம்பிகள் கூடவில்லை. மென்பொருள்தான் இறங்கி வர வேண்டியிருந்தது; அவை எட்டக்கூடிய முதல் 16 எம்பி தனி மண்டலமானது அதனால்தான்.

எங்கள் டிரைவர் ஒவ்வோர் அளவீட்டின் தொடக்கத்திலும் அந்த மண்டலத்திலிருந்து 64 கேபி இடையகம் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) ஒன்றைக் கேட்கும். கணினியைத் தொடங்கிய அன்று எல்லாம் சரியாக நடக்கும்; சில நாட்கள் கழித்து, பல நூறு எம்பி காலியாக இருந்தபோதும், நினைவகம் கிடைக்கவில்லை என்று திரும்பிவிடும். கெர்னல் நினைவகத்தைப் பக்கம் என்ற அலகுகளாகப் பிரிக்கிறது; 16 எம்பி என்பது 4 கேபி அளவில் 4096 பக்கங்கள்தான். எங்களுக்கு அவற்றில் அடுத்தடுத்து அமைந்த 16 பக்கங்கள் வேண்டும். காலியிடம் இருந்தது, ஆனால் துண்டு துண்டாகச் சிதறியிருந்தது. இடையகத்தை டிரைவர் ஏறும்போதே ஒருமுறை வாங்கி, இறங்கும்வரை விடாமல் வைத்துக்கொண்டதும் தொல்லை தீர்ந்தது. கெர்னலின் ஒதுக்கீட்டு முறை 16 பக்கத் தொகுதியை எப்போதும் 64 கேபி எல்லையிலேயே தொடங்குவதால், 8237இன் கட்டுப்பாட்டுக்குத் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை.

இது ஐஎஸ்ஏயோடு முடிந்துபோன கதை அன்று. ஐஎஸ்ஏக்குப் பின் வந்த பிசிஐ இணைப்பில், 32 பிட் முகவரி மட்டுமே தரும் அட்டைகளுக்காக 64 பிட் கெர்னலில் முதல் 4 ஜிபி வரை இன்னொரு மண்டலம் உண்டு. ராஸ்பெரி பை 4இல் சில சாதனங்கள் முதல் 1 ஜிபியை மட்டுமே எட்டும், அது 2019இல் வந்த பலகை. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக், 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரிகளைக் கண்டு பல டிரைவர்கள் தடுமாறியதால், அந்த நினைவகத்தையே பயன்படுத்தாமல் விட்டது. லினக்ஸ், எட்டாத தரவைக் கீழே உள்ள இடைநிலை இடையகத்துக்கு நகலெடுத்துத் தருகிறது. நகலெடுக்கும் நேரம் வீண்தான், ஆனால் சாதனம் வேலை செய்கிறது. சாதனம் தரும் முகவரியை வேறு முகவரியாக மாற்றித் தரும் ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் உள்ள கணினியில் அந்த நகலும் பெரும்பாலும் தேவையில்லை.

16 எம்பி மண்டலத்தை நீக்குவதற்கு உண்மையான தடை வன்பொருளை விட டிரைவர்களின் எழுத்துமுறையே என்பது என் கருத்து. தன் சாதனத்தால் எத்தனை பிட் முகவரி தர முடியும் என்பதை டிஎம்ஏ மாஸ்க் என்ற அமைப்பு வழியாக டிரைவர் அறிவித்தால், எங்கிருந்து நினைவகம் தருவது என்பதைக் கெர்னலே முடிவு செய்யும். அப்படி அறிவிக்காமல், நினைவகம் கேட்கும்போது சேர்க்கும் ஜிஎஃப்பி டிஎம்ஏ என்ற கொடியை (குறிப்பை) வைத்து மண்டலத்தை நேரடியாகக் கேட்கும் டிரைவர் உண்மையில் 24 பிட்டுக்குக் கட்டுப்பட்டதா, வெறும் பழக்கத்தால் எழுதப்பட்டதா என்பது நிரலைப் பார்த்தால் தெரியாது. அந்த அட்டை கையில் இல்லாதவர் அதைத் திருத்தத் தயங்குவது நியாயமே.

நினைவகம் குறைவான கணினிகளில், மண்டலம் இருப்பதால் அந்த 16 எம்பி முழுதும் வீணாவதில்லை. மேலே இடம் தீரும்போது மற்றவர்களுக்கும் அதிலிருந்து ஒரு பகுதி கிடைக்கும்; 64 ஜிபி கணினியிலோ, இயல்பான அமைப்பில் சாதாரணக் கோரிக்கைகளுக்கு அது கிடைக்காது. உங்கள் கணினியில் அத்தகைய சாதனம் எதுவும் இல்லை என்று உறுதியானால், கெர்னலைத் தொகுக்கும்போது ஸோன் டிஎம்ஏ விருப்பத்தை அணைத்துவிடலாம். அதற்கு முன், நீங்கள் ஏற்றும் டிரைவர்களில் எதுவும் அந்தக் கொடியைப் பயன்படுத்தவில்லை என்பதை மூல நிரலில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.