கர்னல் லைவ் பேட்ச் டெஸ்ட் ஸ்கிரிப்டுகளை ரிவ்யூ செய்யச் சொன்னால், ஓட்டிப் பார்த்து பாஸ் ஆனதும் ஓகே சொல்லிவிடலாமா?

வேண்டாம். நான் ஒருமுறை அப்படித்தான் ஓகே சொன்னேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

உங்கள் நிலைமை ஓரளவு புரிகிறது. ஷெல் நன்றாகத் தெரியும், கர்னலுக்குள் ரொம்ப ஆழமாகப் போனதில்லை, மற்றவர்கள் எல்லாம் சி கோடைப் பார்க்கப் போய்விட்டார்கள், "இது வெறும் டெஸ்ட் ஸ்கிரிப்ட்தானே, நீங்களே பார்த்துவிடுங்கள்" என்று உங்கள் பக்கம் தள்ளியிருப்பார்கள். அந்த "வெறும்" என்ற சொல் எனக்கு ஆகவே ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கர்னலில், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியில், ரீபூட் செய்யாமல் ஒரு ஃபங்ஷனுக்குப் பதில் இன்னொன்றை ஓட வைக்கிற வேலைதான் லைவ் பேட்ச். 2015-இல் 4.0 கர்னலில் வந்ததிலிருந்து எத்தனையோ சர்வர்கள் இதை நம்பி ஓடுகின்றன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டியவை இந்த ஸ்கிரிப்டுகள்தான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கர்னல் ஃபங்ஷன்கள் ஓடுவதைக் கண்காணிக்க கர்னலுக்குள்ளேயே எஃப்ட்ரேஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, லைவ் பேட்ச் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. பழைய ஃபங்ஷனின் வாசலில் எஃப்ட்ரேஸ் வைத்திருக்கும் கொக்கியைப் பிடித்துத்தான் புதிய ஃபங்ஷன் பக்கம் திருப்பிவிடுகிறது. அதே வாசலில், எந்த ஃபங்ஷன் ஓடியது என்று டிரேஸ் கோப்பில் பதிவு செய்யும் ஃபங்ஷன் டிரேசரும் வந்து நின்றால் ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடக் கூடாது. அதைச் சோதிக்கத்தான் ஒருவர் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தார். கர்னலோடு வரும் சோதனை மாட்யூல் சிஎம்டிலைன்_ப்ராக்_ஷோ என்ற ஃபங்ஷனை மாற்றும், புதியதன் பெயர் லைவ்பேட்ச்_சிஎம்டிலைன்_ப்ராக்_ஷோ. மாட்யூலை லோட் செய்து, எந்த ஃபங்ஷன்களை மட்டும் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்ட்ரேஸ் ஃபில்டரில் இரண்டு பெயரையும் எழுதி, டிரேசரைப் போட்டு, ப்ராக்கில் உள்ள சிஎம்டிலைன் கோப்பைப் படித்துவிட்டு, டிரேஸில் இரண்டு பெயரும் இருக்கிறதா என்று கிரெப் கட்டளையால் தேட வேண்டும். படிக்க அழகாக இருந்தது. ஐந்து முறை ஓட்டினேன், ஐந்து முறையும் பாஸ். ஓகே சொன்னேன்.

அதில் இரண்டு தப்பு இருந்தது. ஃபில்டருக்கு இரண்டு பெயரையும் ஒற்றை அம்புக்குறி (>) போட்டுத் தனித்தனி வரியில் எழுதியிருந்தார். ஒற்றை அம்புக்குறி ஃபில்டரில் ஏற்கெனவே இருப்பதைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும், அதனால் முதல் பெயர் போய்விட்டது, புதிய ஃபங்ஷன் மட்டும்தான் டிரேஸ் ஆனது. சரி, அப்படியானால் பழைய பெயரைத் தேடும் கிரெப் தோற்றிருக்க வேண்டும் அல்லவா? தோற்கவில்லை. பழைய பெயர் முழுசாகப் புதிய பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது! ஒரே வரி இரண்டு தேடலுக்கும் பதிலாகிவிட்டது. தனித்தனியாக இருந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது கண்ணில் பட்டிருக்கும். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு பல மாதம் பச்சையாகவே ஓடியது. வேறு வேலைக்காக டிரேஸ் கோப்பைக் கையால் திறந்தபோதுதான், இரண்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி இருந்ததைப் பார்த்தேன். எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பார்க்க வேண்டிய ஆள் நான்.

திருத்தம் சின்னதுதான். இரண்டாவது பெயருக்கு, இருப்பதைத் துடைக்காமல் கூடச் சேர்க்கும் இரட்டை அம்புக்குறி (>>), கிரெப்புக்கு முழுச் சொல்லை மட்டும் தேடச் சொல்லும் டபிள்யூ ஆப்ஷன். கிரெப் அடிக்கோட்டையும் சொல்லின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொள்வதால் இங்கே அது போதும். ஆனால் டிரேஸ் வரியில் எந்த ஃபங்ஷன் கூப்பிட்டது என்ற பெயரும் கடைசியில் வரும். நீங்கள் தேடும் பெயர் அந்த இடத்தில் வந்தாலும் கிரெப் "இருக்கிறது" என்றுதான் சொல்லும், அதையும் கவனியுங்கள்.

அன்றிலிருந்து எந்த டெஸ்ட் வந்தாலும் கெடுத்துப் பார்க்காமல் நான் ஓகே சொல்வதில்லை. மாட்யூலை லோட் செய்யும் வரியை எடுத்துவிட்டு ஓட்டுவேன், ஃபில்டரில் தப்பான பெயரைக் கொடுப்பேன், பாதியில் கன்ட்ரோல் சி அடிப்பேன். இந்தக் கடைசிதான் அதிகம் பிடித்துக் கொடுக்கிறது. நடுவில் செத்த ஸ்கிரிப்ட் எஃப்ட்ரேஸை அணைத்த நிலையிலேயே விட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் டெஸ்ட் பேட்சை லோட் செய்ய முடியாமல் மைனஸ் 16 என்ற பிழையோடு விழும், பழி அந்த அப்பாவி டெஸ்ட் மீது போகும். ஸ்கிரிப்ட் பாதியில் நின்றாலும் சுத்தம் செய்ய வைக்கும் டிராப் கட்டளையைப் போட்டு, எஃப்ட்ரேஸின் பழைய மதிப்பைத் திருப்பி வைக்கிறார்களா என்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு 1 (இயக்கு) என்று எழுதுவது சரியில்லை, முன்பு என்ன இருந்ததோ அதுதான் திரும்ப வர வேண்டும். அதே மாதிரி, லைவ் பேட்ச் போட்டிருக்கும்போது எஃப்ட்ரேஸை அணைக்கப் பார்த்தால் கர்னல் மறுக்க வேண்டும். அந்த மறுப்பு வந்ததா என்று சோதிக்காமல் பிழையை விழுங்கிவிட்டுப் போகும் ஸ்கிரிப்டுகளையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஸ்லீப். பேட்ச் போட்டதும் "ஒரு நொடி தூங்கு" என்று எழுதிவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு டாஸ்கும் (புராசஸ் அல்லது த்ரெட்) ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய கோடுக்கு மாறும் வேலை அது, ஒரு டாஸ்க் பழைய ஃபங்ஷனுக்குள் மாட்டிக்கொண்டால் முடியவே முடியாது, கர்னலே 15 நொடிக்கு ஒருமுறைதான் அதைத் தட்டி எழுப்பப் பார்க்கும். கர்னல் மரத்தில் லைவ் பேட்ச் டெஸ்டுகளுக்கென்று இருக்கும் பொது ஃபங்ஷன்கள் அந்த மாற்றம் முடிந்துவிட்டதா என்று 0.1 நொடி இடைவெளியில் 600 முறை வரை பார்க்கின்றன. அவை இருக்கும்போது சொந்தமாக ஸ்லீப் எதற்கு?

ஷெல் ஸ்கிரிப்டில் தப்பு தேடும் கருவியான "ஷெல்செக் ஓட்டினால் போதுமே" என்று யாராவது கமெண்ட் போடுவார்கள், தெரியும். நானும் ஓட்டுகிறேன், எல்லோரும் ஓட்டுங்கள். லோக்கல் என்ற அறிவிப்பு வரியிலேயே கட்டளையை ஓட்டினால் அந்தக் கட்டளை தோற்றது வெளியே தெரியாமல் போகும், அந்த மாதிரி விஷயத்தை அது பிடித்துவிடும். ஒரு ஃபங்ஷன் பெயருக்குள் இன்னொரு பெயர் ஒளிந்திருப்பதை அது எப்படிப் பிடிக்கும்? "பைத்தானில் எழுதியிருந்தால் இதெல்லாம் வராது" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பைத்தானிலும் ஒரு சரத்துக்குள் இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தால் இதே தப்புதான் நடக்கும். இவை சின்னஞ்சிறு விர்ச்சுவல் மெஷினில்கூட ஓட வேண்டியவை, அங்கே பைத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். டெஸ்ட் ஃபெயில் ஆனால் தயவுசெய்து திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பாதீர்கள். கர்னல் லாகில் ஒரு வரி வித்தியாசத்தைத் தேடும் வேலை இது, படத்தில் நான் எதைத் தேடுவது? டிஃப் கட்டளைக்குக் கொடுக்கவும் முடியாது, பாதி வரி ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். பத்து வருஷம் அனுபவம் உள்ளவர்களே இதைச் செய்கிறார்கள். இதனால் என் மாலை நேரங்கள் எத்தனையோ வீணாகியிருக்கின்றன.

உங்கள் கையில் இருக்கும் ஸ்கிரிப்டில் முதலில் ஃபில்டருக்கு எழுதும் வரிகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் அம்புக்குறிகளைப் பாருங்கள். பிறகு கிரெப் தேடும் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது எதற்குள் அடங்குகிறது என்று பாருங்கள். பத்து நிமிஷம் ஆகும்.