ரேர் ஸ்டோன் ஸ்லாபுக்காக அவசரப் பணத்துல கைய வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். புது வீட்டு கிச்சன் மேடைக்கு ப்ரேசில் குவார்ட்சைட்னு ஒரு கெட்டியான இயற்கைக் கல்லு பாத்தோம், தாஜ்மகால்னு பேரு. அத பாத்ததுலேந்து வேற எந்தக் கல்லும் மனசுல ஒட்ட மாட்டேங்குது. ரேர் ஸ்டோன், வெல ஏறிக்கிட்டேதான் போகும், இன்வெஸ்ட்மென்ட்டா நெனச்சுக்கோங்கன்னு விக்கிறவங்க சொல்றாங்க. மேடைக்கும் பின்சுவருக்கும் சேத்து ரெண்டு ஸ்லாப், அதாவது ரெண்டு பெரிய கல் பலகை வேணுமாம், நாங்க ஒதுக்கின காசு பாதிக்குதான் வரும். மீதிக்கு அவசரத்துக்குன்னு வச்சிருக்கற பணத்த எடுக்கலாம்னு நான் சொல்றேன், என் வீட்டுக்காரர் பெர்சனல் லோன் போடலாம்ங்கறார். எது சரி?

பதில்: ரெண்டுமே வேண்டாம். ஆனா கல்லயே மறந்துடுங்கன்னும் சொல்ல மாட்டேன், தெனமும் கைபடற எடம் அது, பிடிச்சத போட ஆசப்படறதுல தப்பே இல்ல.

மொதல்ல அந்த இன்வெஸ்ட்மென்ட்ங்கற வார்த்தைய தூக்கிப் போடுங்க. தங்கம்னா உருக்கி விக்கலாம். கல்ல உங்க சிங்க் அளவுக்கும் அடுப்பு அளவுக்கும் ஓட்ட போட்டு ஒட்டிட்டா, அத பேத்து எடுத்து வாங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. நாளைக்கு வீட்ட விக்கறப்ப கிச்சன் நல்லா இருக்குன்னு வாங்கறவங்க சொல்லலாம், அதுக்காக கல்லுக்குக் குடுத்த காச அப்படியே எடுத்து வைப்பாங்கன்னு நம்பி கணக்கு போடக்கூடாது. இது செலவு, சந்தோஷத்துக்கான செலவு, அப்படி நெனச்சாத்தான் எவ்வளவு வரைக்கும் போகலாம்னு ஒரு தெளிவு வரும்.

லோன் கணக்கு சொல்றேன். வருஷத்துக்கு 12 சதவீத வட்டி, 3 வருஷம்னு வச்சுக்கிட்டா, வாங்கற ஒவ்வொரு 100க்கும் கிட்டத்தட்ட 120 திருப்பிக் கட்டுவீங்க. அவசரப் பணம் அதுக்கும் மேல, வேல போனாலோ ஆஸ்பத்திரின்னு வந்தாலோ குடும்பம் நிக்கறது அதுலதான், அதுல கைய வைக்காதீங்க.

இப்ப உங்களுக்கு நெஜமா காசு மிச்சமாகற எடத்துக்கு வர்றேன், இதத்தான் நெறைய பேர் கவனிக்கறதே இல்ல. சதுர அடி ரேட்டத்தான் எல்லாரும் பேரம் பேசறாங்க, ஆனா இந்த மாதிரி கல்ல பெரும்பாலும் முழு ஸ்லாபாத்தான் வாங்கணும். ஸ்லாப் 10 அடிக்கு 6 அடின்னு வைங்க, 60 சதுர அடி. மேடை மொத்தம் 18 அடி நீளம், ரெண்டேகால் அடி அகலம்னா, நீளவாக்குல ரெண்டு பட்ட எடுத்தா 20 அடி கெடச்சிடும், மேட முடிஞ்சுது, மிச்சம் ஒன்றரை அடிப் பட்டையில சுவரோரம் 4 இன்ச் உயரத்துக்கு ஒட்டிடலாம். பின்சுவர் முழுக்க 2 அடி உயரத்துக்கு அதே கல்லுதான்னு அடம் பிடிச்சா மட்டும்தான் ரெண்டாவது ஸ்லாப், அப்ப உங்களுக்கு வேண்டியது 77 சதுர அடிகூட இல்ல, காசு குடுக்கறதோ 120க்கு. அந்த சுவருக்கு சாதா டைல்ஸ் போடுங்க. உங்க அளவு கொஞ்சம் மாறலாம், அதனால டிராயிங்க கையில எடுத்துட்டு போய் ஸ்லாப் மேலயே சாக்பீஸ்ல கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்க, ஜாயின்ட் எங்க வருது, ரேகை எப்படி ஓடுதுன்னு அங்கயே கண்ணால பாத்துடலாம்.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கிட்டு வாங்க. தாஜ்மகால்ங்கறது வியாபாரப் பேரு, பேர வச்சு கல்லு என்னன்னு முடிவு பண்ண முடியாது. குவார்ட்சைட்னு சொல்லி மார்பிளயோ, டோலமைட்ங்கற வேற கல்லயோ தள்ளி விடறது நடக்குது. துண்டோட முனைய ஒரு பழைய கண்ணாடி மேல அழுத்தி இழுங்க, நெஜ குவார்ட்சைட்னா கண்ணாடியில கீறல் விழும், மார்பிளால அது முடியாது. பாலிஷ் பக்கத்துல எலுமிச்ச சாறு ரெண்டு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க வைங்க, காலைல தொடச்சா அந்த எடம் மங்கிப் போயிருந்தா அது அமிலம் தாங்காத கல்லு. சீலர்னு கல்லு மேல பூசற திரவம் ஒண்ணு இருக்கு, அத அடிச்சா சரியாகிடும்பாங்க. கறை சீக்கிரம் உள்ள எறங்காம சீலர் தடுக்கும், இந்த மங்கல தடுக்காது. அப்பறம் பாலிஷ் போட ஆள் கூப்பிடற செலவு உங்க தலையிலதான்.

கொட்டேஷன்ல சிங்க் கட்டிங், ஓரம் பாலிஷ், வண்டி, ஏத்தி எறக்கற கூலி எல்லாம் சேத்திருக்கான்னு பாருங்க. 3 சென்டிமீட்டர் தடிமன்ல அந்த அளவு ஸ்லாப் 400 கிலோவுக்கு மேல வரும், கீழ கேபினெட் தாங்குமான்னும் கேட்டுக்கோங்க. சிங்க் ஓட்டைக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற ஒல்லிப் பட்டதான் தூக்கறப்ப ஒடயும். எங்க வீட்டுலயே அப்படி ஆச்சு, எழுதி வாங்காததால நஷ்டம் எங்களோடதாச்சு. ரேர் கல்லுன்னா இது இன்னும் மோசம், அதே ப்ளாக்ல, அதாவது அதே பாறத் துண்டுல அறுத்த வேற ஸ்லாப் இருக்கணும், இல்லன்னா ரேகையும் நெறமும் சேராது. அதனால ஒடஞ்சா யார் பொறுப்பு, ப்ளாக் நம்பர், ஸ்லாப் நம்பர் எல்லாம் பில்லுல வரணும், மிச்சத் துண்டு உங்க வீட்டுக்கு வரணும்.

நீங்க ஒதுக்கின காசு ரெண்டு ஸ்லாபுக்கு பாதின்னா ஒரு ஸ்லாபுக்கு கிட்டத்தட்ட சரியா இருக்கும், கூலிக்கு மட்டும் கொஞ்சம் இடிக்கும், அத மூணு நாலு மாசம் சேத்துக்கலாம். அதுவரைக்கும் ஸ்லாப எடுத்து வைக்க சம்மதிப்பாங்களான்னு கேளுங்க, சம்மதிச்சா அதயும் எழுத்துல வாங்கிட்டு எனக்கு எழுதுங்க, மாசம் எவ்வளவு ஒதுக்கணும்னு சேந்து பாப்போம்.