மலையில் சமைக்க எந்தப் பாத்திரம்? கேள்வி பதில்

குன்னூரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் எல்லோருக்கும் பயன்படுகிறவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஊட்டி): அண்ணா, திருப்பூரில் நாலு விசிலில் வெந்த கொண்டைக்கடலை இங்கே ஏழு விசில் விட்டாலும் கடிக்குது. குக்கர் கெட்டுப்போச்சா?

மூடி ஓரத்தில் ஆவி கசியவில்லை என்றால் குக்கரில் குறை இல்லைம்மா. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரின் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவைத்தான் கூட்டித் தரும், அந்த வெளிக்காற்றே மலையில் மெலிந்து கிடப்பதால் கீழே 120 டிகிரி வருகிற குக்கர் ஊட்டியில் 116 டிகிரியோடு நின்றுவிடும். அதனால் விசிலை எண்ணாதீர்கள், தீயைக் கூட்டினாலே அது மாறிவிடும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, ஊரில் வைத்த நேரத்தோடு கால் பங்கு சேர்த்து வையுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): அடி கனமான பாத்திரம் வாங்கினால் குக்கர் இல்லாமலே பருப்பு சீக்கிரம் வேகுமாங்க?

வேகாதுங்க. எந்த உலோகமாக இருந்தாலும் திறந்து வைத்தால் கொதிநிலை அதேதான். ஆனாலும் மலையில் அடி கனமானதையே வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் இங்கே அடுப்பில் அதிக நேரம் இருக்கிறது, தண்ணீர் வற்றுகிறது, அடி பிடிக்கிறது. ஸ்டீல் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், அலுமினியம் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல், செம்பு இன்னும் அதிகம். மெல்லிய ஸ்டீலில் தீ படுகிற வட்டம் மட்டும் சுட்டுக் கருகுவது அதனால்தான். இரண்டு ஸ்டீல் தகடுகளுக்கு நடுவே அலுமினியம் வைத்த ட்ரைப்ளை இதற்கு நல்ல தீர்வு. ஆனால் வாங்கும்போது அந்த மூன்று அடுக்கும் விளிம்பு வரை வருகிறதா, அடியில் மட்டும் ஒரு தட்டு ஒட்டியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள், அடித்தட்டு மட்டும் இருந்தால் கேஸ் தீ பக்கவாட்டில் ஏறும்போது தட்டு முடிகிற இடத்தில் வளையமாகக் கருகும்.

கேள்வி (கூடலூர்): காந்தம் ஒட்டாவிட்டால் அது 304 ஸ்டீல்தானே?

இல்லை. 304, 202 எல்லாம் ஸ்டீலின் தர எண்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. 304-ல் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் உப்புக்கும் புளிக்கும் நன்றாகத் தாங்கும். பாத்திரத்தில் அச்சடித்திருக்கிறதா பாருங்கள், பில்லிலும் எழுதி வாங்குங்கள். அப்புறம், அடியில் மட்டும் காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம், இண்டக்‌ஷனுக்காக அப்படிச் செய்கிறார்கள்.

கேள்வி (குன்னூர்): மழைக்காலத்தில் வார்ப்பிரும்பு தோசைக்கல் ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கிறதே அண்ணா?

மூடுபனி வீட்டுக்குள்ளேயே வருகிற ஊரில் துணியால் துடைத்தால் போதாது. கழுவியதும் அடுப்பில் வைத்து ஈரம் போகச் சூடாக்கி, சூட்டோடு ஒரு சொட்டு எண்ணெய் தடவி, தடவியதே தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். நிறைய எண்ணெய் விட்டால் பிசுபிசுக்கும். மெல்லிய எண்ணெய் சூட்டில் இறுகிப் படலமாகி, அதுவே துருவைத் தடுக்கிறது, தோசையையும் ஒட்டாமல் விடுகிறது. வார்ப்பிரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் அந்தப் படலம் போய்விடும். இன்னொன்று, காலைக் குளிரில் கல்லை எடுத்ததும் பெரிய தீயில் வைக்காதீர்கள், சூடான கல்லில் பச்சைத் தண்ணீரும் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். தட்டி அடித்த இரும்புக் கல்லுக்கு அந்தப் பயம் இல்லை.

கேள்வி (அரவங்காடு): ஈயச்சொம்பில் ரசம் வைக்கலாமா?

ரசத்தை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள், சின்னத் தீ போதும். இந்தச் சொம்பு வெள்ளீயத்தில் (டின்) செய்தது, அது 232 டிகிரியில் உருகும், வெறும் சொம்பை வைத்தால் அடி போய்விடும். காரீயம் (லெட்) கலந்தது உடம்புக்கு விஷம், அதனால் விலை மலிவு என்று வாங்காமல் தெரிந்த கடையில் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி (கோத்தகிரி): கைப்பிடி ரிவெட் போட்டதா, வெல்டு வைத்ததா?

பெரிய பாத்திரத்துக்கு ரிவெட், அதாவது தகட்டைத் துளைத்து ஆணியால் இறுக்கியது. தகடு மெல்லியதாக இருந்தால் வெல்டு வைத்த இடத்தோடு கிழிந்து வந்துவிடும், கொதிக்கிற சாம்பாரோடு தூக்கும்போது அது நடக்கக் கூடாது. ரிவெட்டின் உள்பக்கம் அழுக்கு சேரும், பிரஷ் வைத்துத் தேய்த்தால் சரியாகிவிடும்.