வெளிநாட்டு பி.ஆர்., விசா, பேப்பர்: ஞாயிறு கேள்வி பதில்

ரியாத்திலும் பிறகு இங்கிலாந்திலும் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியவள் நான். இப்போது நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு பேப்பர் பார்த்துக் கொடுக்கிறேன். ஏஜெண்ட் இல்லை, கமிஷனும் இல்லை. கேட்டவர்களுக்குப் பெயருக்குப் பதில் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நர்ஸிங், கனடா பாயிண்ட், வளைகுடா, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த எல்லை. அமெரிக்கா பற்றிக் கேட்காதீர்கள். பாஸ்போர்ட் போட்டோவைப் பொதுவில் போடாதீர்கள்.

கருங்கல்: அக்கா, நான் பி.எஸ்சி. நர்ஸிங், 29 வயது, 4 வருட அனுபவம். இங்கிலாந்தா ஜெர்மனியா? எங்கே சீக்கிரம் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைக்கும்?

முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் நர்ஸிங் கவுன்சில் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் அப்புறம்.

இங்கிலாந்துக்கு அங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆங்கிலத் தேர்வு இரண்டில் ஒன்று எழுத வேண்டும். மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி.யில் மூன்று பிரிவுக்கு பி, ரைட்டிங்குக்கு மட்டும் சி பிளஸ் போதும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் 7, ரைட்டிங்கில் 6.5. அந்தக் கவுன்சிலின் கம்ப்யூட்டர் தேர்வை இங்கிருந்தே எழுதலாம், செய்முறைத் தேர்வு அங்கே போய்த்தான். இதுவரை 5 ஆண்டு வேலை பார்த்தால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம் என்பது வழக்கம். 2025 மே மாதம் அந்த அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை அதைப் பொதுவாக 10 ஆண்டாக்கப் போவதாகச் சொல்கிறது. ஆகவே "அஞ்சே வருஷம்" என்று அடித்துச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் அந்த அறிக்கையைப் படித்தாரா என்று கேளுங்கள். இன்னொன்று, எந்த 12 மாதத்திலும் 180 நாளுக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. பிரசவத்துக்கு ஊருக்கு வந்து, குழந்தைக்குச் சோறு ஊட்டிவிட்டுப் போகலாம் என்று ஏழு மாதம் தங்கியவர்கள் பின்னால் விளக்கக் கடிதம் எழுதி அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஜெர்மனியில் தடை மொழிதான். விசாவுக்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பி1 நிலை கேட்பார்கள், முழு நர்ஸாக அங்கீகாரம் கிடைக்க அதற்கு அடுத்த பி2 வேண்டும். அங்கீகாரம் வந்து ஸ்கில்டு வொர்க்கர் பெர்மிட் கைக்கு வந்தபின், 3 ஆண்டும் 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் பி1 மொழியும் இருந்தால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். 2024 மார்ச் வரை அது 4 ஆண்டாக இருந்தது. இந்தக் கணக்கு பெர்மிட் வந்த நாளிலிருந்துதான் ஓடும். போய் இறங்கிய நாளிலிருந்து எண்ணாதீர்கள், அங்கீகாரம் வரும்வரை உதவியாளராக ஓடிய மாதங்கள் இதில் வராது.

வேலையோடு சேர்த்து ஒரு வருடம் உட்கார்ந்து மொழி படிக்க முடியுமென்றால் ஜெர்மனி போங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் நோர்க்கா கேரள அரசுடையது. நமக்குச் சென்னையில் ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் இருக்கிறது, 1978-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சியும் நடத்துகிறார்கள். தனியார் வகுப்பில் பணம் கட்டுமுன் அங்கே விசாரியுங்கள்.

மார்த்தாண்டம்: இங்கிலாந்தில் கேர் வொர்க்கர் வேலை, குடும்பத்தோடு போகலாம், 5 வருடத்தில் பி.ஆர்., மொத்தம் 14 லட்சம் என்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம். வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் வொர்க்கர் எடுப்பதை 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டார்கள். குடும்பத்தைக் கூட்டிப் போவது 2024 மார்ச்சிலேயே நின்றுவிட்டது.

தக்கலை: பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. சர்டிபிகேட்டில் பெயருக்கு முன் இனிஷியல். பிரச்சினை வருமா?

வரும். நம் ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், டிகிரியில் பின்னால், கவுன்சில் பதிவில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் இனிஷியலே இல்லை. இந்த நாலையும் மேஜையில் வரிசையாக வைத்தால் நாலு பேர் மாதிரி இருக்கும். வெளிநாட்டில் ஃபைல் பார்க்கிற அதிகாரிக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே தெரியாது. 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை விசிட் விசாவில் ஏற்பதில்லை.

அப்பா பெயரைச் சர்நேமாகப் போட்டு பாஸ்போர்ட்டை மறுபடி எடுங்கள். அதன்பின் எல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்து மாறட்டும். மாறாததற்கு நோட்டரி அஃபிடவிட் வையுங்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

குளச்சல்: சவுதியில் 18 வருடமாக இருக்கிறேன். நிரந்தரமாகத் தங்க வழி உண்டா?

இகாமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, வேலையோடு கட்டியது. வேலை போனால் அதுவும் போகும், 18 வருடமோ 30 வருடமோ கணக்கில் வராது. பிரீமியம் ரெசிடென்சி என்று 2019-ல் கொண்டுவந்தார்கள், நிரந்தர வகைக்கு 8 லட்சம் ரியால். அந்தப் பணம் இருந்தால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வடசேரி: மெக்கானிக்கல் இன்ஜினியர், 38 வயது, மனைவி நர்ஸ், 33 வயது. கனடா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (பாயிண்ட் பார்த்து பி.ஆர். தரும் முறை) வாய்ப்பு எப்படி?

விண்ணப்பத்தில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? துணையோடு போகிறவருக்கு வயதுக்கு அதிகபட்சம் 100 பாயிண்ட். 38-ல் உங்களுக்கு 55. 33-ல் மனைவிக்கு 80. தள்ளிப்போடும் ஒவ்வொரு பிறந்தநாளும் 40 வரை 5 பாயிண்டைத் தின்னும், அதன்பின் 44 வரை பத்துப் பத்தாகத் தின்னும், 45-ல் ஒன்றுமே இருக்காது. போதாததற்கு, 2023 முதல் சுகாதாரத் துறையினரை மட்டும் அழைக்கத் தனிச் சுற்று நடக்கிறது. மனைவி முதன்மை விண்ணப்பதாரர், நீங்கள் துணை. ஆணாகப் பிறந்ததற்கு அங்கே பாயிண்ட் கிடையாது.

மனைவி எழுத வேண்டியது ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல், அகாடமிக் இல்லை. லிசனிங் 8, மற்ற மூன்றிலும் 7 வாங்கினால் மொழிக்கு மட்டுமல்ல, படிப்போடும் அனுபவத்தோடும் சேர்த்து இன்னொரு கொத்துப் பாயிண்ட் வரும். "ஜாப் ஆஃபர் லெட்டர் வாங்கித் தருகிறேன், பாயிண்ட் ஏறும்" என்று எவராவது வந்தால், அந்தப் பாயிண்டை 2025 மார்ச் 25-ல் எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

இரணியல்: மேடம், யு.கே. கேர் ஹோம் வேலைக்கு 11 லட்சம்...

மேலே மார்த்தாண்டத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். விலைதான் குறைந்திருக்கிறது.

குழித்துறை: ஆஸ்திரேலியா 491 விசா பற்றிச் சொல்லுங்கள்.

என் எல்லை இல்லை. 45 வயதுக்குள் இருக்க வேண்டும், குறைந்தது 65 பாயிண்ட் வேண்டும் என்பது வரை தெரியும். அங்கே பதிவு பெற்ற ஏஜெண்டைக் கேளுங்கள்.

அருமனை: கனடா பி.ஆர். வாங்கி 2 வருடம் ஆகிறது. பாஸ்போர்ட் இந்தியாதான். ஒன்றரை ஏக்கர் ரப்பர் விளையை அப்பா என் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதித் தருகிறார். பி.ஆர். இருப்பதால் தடை உண்டா?

நல்ல கேள்வி. தடை பி.ஆர். அட்டையால் இல்லை, நீங்கள் வெளிநாட்டில் வசிப்பதால். அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் வீடு, வீட்டுமனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. ரப்பர் தோட்டம்தானே? செட்டில்மெண்ட் என்பதும் தானம்தானே? அப்பா உயில் எழுதட்டும். வாரிசாக வருவதற்குத் தடையில்லை.

மார்த்தாண்டம் (வேறொருவர்): அக்கா சும்மா பயமுறுத்துகிறீர்கள். என் மச்சான் துபாயில் இருந்துகொண்டே போன வருடம் 80 சென்ட் தென்னந்தோப்பு வாங்கினார். பத்திரம் பதிந்தாச்சு, பட்டாவும் மாறியாச்சு.

சார்பதிவாளர் உங்கள் மச்சானின் விசாவைப் பார்த்தா பதிகிறார்? பதிவானதால் அனுமதி என்று ஆகாது. மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையில் மூன்று மடங்கு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அதே நபர்: அவர் வருடத்தில் 190 நாள் ஊரில்தான் இருக்கிறார். 182 நாள் கணக்குப்படி அவர் இங்கே வசிப்பவர்.

செலாவணிச் சட்டத்திலும் 182 நாள் கணக்கு உண்டு, ஆனால் அது மட்டும் போதாது. அந்தச் சட்டத்தில் வேலைக்கென்று வெளிநாடு போனவர் போன நாளிலிருந்தே வெளியே வசிப்பவர்தான். லீவுக்கு வந்து எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அது மாறாது.

திருவட்டாறு: நான் கத்தார் போகுமுன் வாங்கிய விளை இருக்கிறது. அதுவும் தப்பா?

இல்லை. இங்கே வசித்தபோது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இங்கே வசிப்பவருக்குத்தான் விற்க வேண்டும், இன்னொரு கல்ஃப்காரருக்கு இல்லை.

மார்த்தாண்டம் (மச்சானுக்காகக் கேட்டவர்): அப்படியென்றால் நம் ஊர் தோப்பில் பாதி சட்டவிரோதம் என்கிறீர்களா?

நான் உங்கள் ஊர்த் தோப்பை எண்ணவில்லை. மச்சானை ஒரு வக்கீலிடமோ ஆடிட்டரிடமோ கூட்டிப் போங்கள். ரப்பர், தென்னை, பலா, எந்த விளையைப் பற்றியும் இனிப் பதில் இல்லை. அருமனைக்காரருக்கு மட்டும் ஒரு வார்த்தை: 5 ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்தால்தான் பி.ஆர். நிற்கும். ரப்பர் வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று ஊரில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

விளவங்கோடு: அம்மா 1954-ல் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஞானஸ்நானச் சான்றிதழ்தான். அதுவும் மலையாளத்தில். கனடா சூப்பர் விசாவுக்கு (பெற்றோர் வந்து தங்குவதற்கான விசா) உறவை எப்படிக் காட்டுவது?

உறவைக் காட்ட அம்மாவின் சான்றிதழைத் தேடி ஏன் அலைகிறீர்கள்? உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயர் இருக்கிறதா, அதுதான் ஆதாரம். அது அம்மாவின் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். (பெயர்! மறுபடியும் பெயர்.) 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் பழைய பேப்பர் மலையாளத்தில் இருப்பது சகஜம். கொடுப்பதானால் ஆங்கில மொழிபெயர்ப்போடு மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட்டும் வையுங்கள். ஒரு வருட மருத்துவக் காப்பீடு, குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு, மறக்க வேண்டாம்.

திங்கள்சந்தை: அக்கா, இங்கிலாந்து கேர்...

இல்லை.

முட்டம்: அண்ணன் எட்டாம் வகுப்பு. பஹ்ரைனில் மீன்பிடிப் படகு வேலை. முதலில் விசிட் விசாவில் போ, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜெண்ட். 1 லட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார். பிற்பாடு அங்கேயே தங்க முடியுமா?

தங்குவதை விடுங்கள், போவதைப் பார்ப்போம். பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட் குடியேற்றச் சோதனை வகையில் வரும். பஹ்ரைன் வேலைக்கு அரசின் இ-மைகிரேட் இணையதளம் வழியாக அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். விசிட் விசாவில் அனுப்புவது அந்த அனுமதியைத் தாண்டுவதற்காகத்தான். கடலில் ஒன்று நடந்தால் அண்ணனிடம் வேலை ஒப்பந்தமும் இருக்காது, 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் இருக்காது. பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். இவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். எண் தர மறுத்தால் அண்ணன் பாஸ்போர்ட்டை இன்றைக்கே திருப்பி வாங்கிவிடுங்கள்.