ஊரைக் கொண்டுபோனது ஆறா?

ஐயா,
கேட்டோ மேனர் 1932-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தோடு சேர்க்கப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். என் பாட்டி அங்கே பிறந்தவர். ‘எங்கள் ஊரை ஆறு கொண்டுபோய்விட்டது’ என்றே சொல்வார். எது சரி?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

அன்புள்ள அம்மா,

பாட்டி சொன்ன ஆறும் உண்மை, வெள்ளமும் உண்மை. ஆனால் வெள்ளத்தில் போனது கோயில், ஊர் அன்று. 1875 வாக்கில் உம்பிலோ ஆற்றங்கரையில் எழுந்த, ஆப்பிரிக்காவின் முதல் இந்துக் கோயில் என்று கருதப்படும் அக்கோயிலை 1905-ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. மீட்டெடுத்த கதவுகளைப் பாதுகாத்து வைத்திருந்து, ‘செகண்ட் ரிவர் கோயில்’ என்று நம்மவர்கள் சொல்லும் அம்பலவாணர் ஆலயத்தை 1947-ல் கேட்டோ மேனரில் கட்டியபோது அதன் முகப்பில் பொருத்தினார்கள். கட்டடத்தைவிடக் கதவுக்கு ஏறத்தாழ எழுபது வயது கூடுதல். அதன் முன்னால் நிற்கும்போதெல்லாம், பேரன் வீட்டு வாசலில் காவலிருக்கும் கிழவர்தான் எனக்கு நினைவுக்கு வருவார்.

ஊரின் கதை வேறு. டர்பனின் முதல் மேயரான ஜார்ஜ் கேட்டோவின் பண்ணை நிலத்தில், ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்த நம் முன்னோர் மனையாக வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறி பயிரிட்டு நகரத்துக்குச் சுமந்து சென்று விற்றார்கள். 1932-ல் நகர எல்லை விரிந்தபோது அந்தத் தோட்டங்கள் எல்லைக்குள் வந்தன. ஆனால் டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் இந்தியர் நகரசபை வாக்காளர் பட்டியலில் புதிதாகச் சேரும் வழி 1924-லேயே அடைபட்டிருந்ததால், நகரத்தைப் பற்றிய முடிவுகளில் பெரும்பாலோருக்குக் குரல் இல்லை. தங்கள் ஊரை நகரம் எடுத்துக்கொள்ளலாமா என்பதிலும் அவர்களுக்கு வாக்கு இருக்கவில்லை என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் இடையே மூண்ட 1949 ஜனவரிக் கலவரத்தைத் தனியே எழுத வேண்டும். இரண்டு வரியில் அடங்காது. அதன் பின் வந்த 1950-ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்கீழ், 1958-ல் கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்த ஆப்பிரிக்கர்கள் குவாமாஷு குடியிருப்புக்கும், நம்மவர்களில் பலர் நீங்கள் இன்று வசிக்கும் சாட்ஸ்வர்த்துக்கும் அகற்றப்பட்டார்கள். இத்தனை பேரைக் கிளப்பிய பிறகும் அந்த நிலத்தின் பெரும்பகுதி பல ஆண்டுகள் தரிசாகவே கிடந்தது. வீடுகள் போன வெளியில் கோயில் நின்றது.

தீமிதிக்கு அங்கே போனால் கதவைப் பாருங்கள். பாட்டி காலத்துப் பெல்லேர் சாலையைத் தேடாதீர்கள். பலகையில் இப்போது வுசி ம்சிமேலா சாலை என்றிருக்கும்.